பழைய வண்டி பெட்ரோலைக் குடிக்கிறதா? முதலில் இவற்றைப் பாருங்கள்

நமது டிரஸ்ட்டின் ஆம்னி வேனை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. 1998-ஆம் வருட மாடல். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துப் போய், திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. இடையில் பிரசவக் கேஸ், விபத்துக் கேஸ் என்று கூப்பிட்டால் அதற்கும் போகும். சென்ற வருடக் கணக்கை உட்கார்ந்து பார்த்தபோது பெட்ரோல் செலவு மட்டும் தனியாக நின்றது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 9-க்கு இறங்கியிருந்தது. மாதம் 900 கிலோமீட்டர் ஓடுகிறது. 14 கொடுத்தால் சுமார் 64 லிட்டர் போதும். 9 கொடுத்தால் 100 லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் மாதத்திற்கு 3,600 ரூபாய் வீணாகிறது. மக்கள் தந்த பணம் அது.

நம் ஜமாஅத்தில் இன்னும் பல குடும்பங்கள் பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர் வண்டிகளை வைத்திருக்கின்றன. சிலருக்கு அதுதான் பிழைப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுபவர்கள், துணி மூட்டை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வேனைச் சரிசெய்த அனுபவம் அவர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் நாங்கள் காட்டிய இடத்தில், “பாய், கார்புரேட்டரைப் புதுசா மாத்திடுங்க, இல்லைன்னா இன்ஜினைப் பிரிக்கணும்” என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு நிர்வாகிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு மூத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட கேள்வி: “மைலேஜ் ஒன்பதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” டிரைவர் பெட்ரோல் முள்ளைக் காட்டினார். அவர் சிரித்துவிட்டார்.

பழைய வண்டியில் முள்ளை நம்பக் கூடாது. டேங்க்கை வாய்வரை நிரப்பி, கிலோமீட்டர் மீட்டரைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போல இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு அதே பங்கில், முடிந்தால் அதே பம்ப்பில், மறுபடி அதே அளவுக்கு நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மையான மைலேஜ். இப்படி இரண்டு தடவை பார்த்த பிறகே ஒரு முடிவுக்கு வர வேண்டும். டயர் அளவு மாற்றியிருந்தாலும், மீட்டர் கேபிள் பழுதாகி இருந்தாலும் இந்தக் கணக்கும் தப்பும். சாலையோரக் கிலோமீட்டர் கற்களோடு ஒரு பத்துக் கிலோமீட்டர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வேனை இப்படிப் பார்த்தபோதும் ஒன்பதுதான் வந்தது. ஆக, டிரைவர் சொன்னதில் தவறில்லை.

கார்புரேட்டர் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அந்தக் காற்று ஒரு குறுகலான வழியாகப் போகிறது. குறுகலில் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த அழுத்தக் குறைவால் ஜெட் என்ற சிறிய துளை வழியாகப் பெட்ரோல் மேலே வந்து காற்றோடு கலக்கிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று இருந்தால் முழுமையாக எரியும். இப்போதைய வண்டிகளில் சென்சாரும் கம்ப்யூட்டரும் இதைப் பார்த்துக்கொள்கின்றன. நம் பழைய வண்டியில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. காற்று குறைந்தாலோ பெட்ரோல் கூடினாலோ, எரியாத பெட்ரோல் கரும்புகையாகச் சைலன்சர் வழியே போய்விடும்.

எங்கள் வேனில் கண்டுபிடித்த முதல் குறை கேட்டால் வெட்கமாக இருக்கும். சோக் முழுவதும் திறக்கவில்லை. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தருவதுதான் சோக்கின் வேலை. பிடியை உள்ளே தள்ளிவிட்டோம் என்று டிரைவர் நினைத்துக்கொண்டிருக்க, துருப்பிடித்த கேபிள் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. வண்டி மாதக்கணக்கில் பாதி சோக்கிலேயே ஓடியிருக்கிறது. புதுக் கேபிளின் விலை, அந்த வாரம் வீணான பெட்ரோலின் விலைகூட இல்லை. உங்கள் வண்டியில் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவர் சோக்கை இழுத்துத் தள்ள, இன்னொருவர் மேலிருந்து அந்தத் தகடு நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது பார்த்தால் போதும். அப்படியே ஏர் ஃபில்டரையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். தட்டிவிட்டு மாட்டுவது ஒன்றிரண்டு தடவைக்குத்தான்.

இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. அது பணத்தோடு மட்டும் முடிகிற விஷயம் இல்லை. சில மாதங்களாகவே வேனில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று நோயாளிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டயாலிசிஸ் முடிந்து களைத்து வருகிற ஓர் அம்மா வாடை தாங்காமல் வாந்தி எடுத்தார்கள். நாங்களோ, “பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்” என்று ஜன்னலைத் திறந்துவிட்டு விட்டோம். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் கார்புரேட்டரின் வெளிப்புறம் ஈரமாக இருந்தது.

கார்புரேட்டருக்குள் ஒரு சிறிய தொட்டி, அதில் ஒரு மிதவை, மிதவைக்கு மேல் ஒரு நீடில் வால்வு. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் பந்து வால்வு போலத்தான். பெட்ரோல் தேவையான மட்டம் வந்ததும் மிதவை உயர்ந்து வால்வை அடைக்கும். வால்வு தேய்ந்தாலோ, அதில் தூசி சிக்கினாலோ, மிதவை ஓட்டையாகிப் பெட்ரோல் புகுந்தாலோ மட்டம் ஏறிக்கொண்டே போகும். ஏறினால் ஜெட் வழியாகத் தேவைக்கு மேல் வழியும்; அதற்கும் மேல் போனால் வெளியே கசியும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிகிற வண்டியில், எழுந்து ஓட முடியாத நோயாளிகளை உட்கார வைத்து அழைத்துப் போயிருக்கிறோம் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. அல்ஹம்துலில்லாஹ், எதுவும் நடக்கவில்லை. வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அதை மைலேஜ் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். வண்டியை நிறுத்துங்கள், கசிவைக் கண்டுபிடிக்கும் வரை எடுக்காதீர்கள். ஆம்னி வைத்திருப்பவர்கள் சின்னத் தீயணைப்புக் கருவி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

நீடில் வால்வையும் கேஸ்கட்களையும் மாற்றி, மிதவை மட்டத்தைச் சரிசெய்தார். ஜெட்களைக் கிளீனர் தெளித்துக் காற்றழுத்தத்தால் ஊதினார். இங்கே ஓர் எச்சரிக்கை. ஜெட்டைக் கம்பி விட்டுக் குடைய யாரையும் விடாதீர்கள். பித்தளைத் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் பிறகு எந்த டியூனிங்கிலும் அது சரியாகாது.

டியூனிங் என்றதும் பலர் வெளியே தெரியும் ஒரு ஸ்க்ரூவைத் திருகச் சொல்கிறார்கள். அது வண்டி நிற்கும்போது ஓடும் ஐடில் கலவைக்கு மட்டும்தான். ஓடும்போது பெட்ரோலை அளப்பது மெயின் ஜெட். “மைலேஜ் செட்டிங்” என்று சொல்லிக் கலவையை அளவுக்கு மீறி இளைக்க வைத்தால் வண்டி திணறும், இன்ஜின் சூடாகும், கடைசியில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு ஹெட் வேலைக்குப் போய்விடும். கலவை சரியா என்று பார்க்க மலிவான ஒரு வழி, புகைப் பரிசோதனை நிலையம். 2000-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. சர்டிபிகேட் வாங்கினோம் வந்தோம் என்று இல்லாமல், மீட்டரில் வந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்கும் பொய் சொல்லாது. முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் இன்ஜினே ஆயில் தின்கிறது. அப்போதுதான் இன்ஜினைப் பிரிக்கும் பேச்சை எடுக்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒரு வட்டமான டப்பா, அதிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு மெல்லிய ஹோஸ் போகும். வேக்குவம் அட்வான்ஸ் என்பார்கள். சீரான வேகத்தில் ஓடும்போது பொறி கொஞ்சம் முன்னதாக விழச் செய்வது இதுதான். ஹோஸ் வெடித்தாலோ உள்ளே டயாஃப்ரம் கிழிந்தாலோ வண்டி நிற்காது, சத்தம் போடாது. ஆனால் இழுவை குறையும், டிரைவர் ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்துவார். எங்கள் வேனில் ஹோஸ் காய்ந்து பிளந்திருந்தது. நீங்களும் விரலால் வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெட்ரோல் குடிப்பது எப்போதும் இன்ஜின்தான் என்றும் இல்லை. சமதரையில் நியூட்ரலில் வைத்து ஒருவர் தள்ளினால் வண்டி இலகுவாக நகர வேண்டும். எங்களுடையதைத் தள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகி, பின் சக்கரத்தில் பிரேக் ஷூ உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திய பிறகு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது. டயர் காற்றை மாதம் இருமுறையாவது, வண்டி சூடாகும் முன் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும்.

தெர்மோஸ்டாட் பற்றி ஒரு வார்த்தை. ரேடியேட்டர் சூடாகிறது என்று போனால், நம் ஊரில் அதைக் கழற்றி எறிந்துவிடுவது வழக்கம். “நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?” என்பார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும். பஜாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளுக்கு இது பெரிய நட்டம். சூடாவதற்கு உண்மையான காரணத்தைச் சரிசெய்துவிட்டுத் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் பழைய பதினைந்து, பதினாறு வரவில்லையே என்று சிலர் கேட்கலாம். பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே நூற்றுக்கு ஆறு ஏழு வீதம் மைலேஜ் குறைவதை எந்த மெக்கானிக்காலும் தடுக்க முடியாது. அதைவிடக் கவலை, ரப்பர். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஹோஸ்களும் டயாஃப்ரமும் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பி, இறுகி, வெடிக்கின்றன. பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் விடுமுறைக்கு வந்து ஓட்டுவதற்காக நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகளில் பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கார்புரேட்டர் உள்ளே அரித்துவிடும்.

ஓட்டும் முறையில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆம்னி ஒரு பெட்டி. காற்றைக் கிழித்துப் போகும் உடம்பு அதற்கு இல்லை. 50, 55-இல் போனால் ஒரு கணக்கு, 80-இல் போனால் வேறு கணக்கு. மருத்துவமனை வாசலில் இன்ஜினை ஓட விட்டுக் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஏற்காடு, கொடைக்கானல் இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறேன் என்று இன்ஜினை அணைத்து இறங்குவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். இன்ஜின் பிரேக் போய்விடும், பிரேக்குக்கு வேக்குவம் உதவி உள்ள வண்டியில் அதுவும் போய்விடும், சாவியைக் கூடுதலாகத் திருப்பினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்க்கில் ஊற்றும் மைலேஜ் டானிக் எதையும் வாங்காதீர்கள். வீட்டு சமையல் சிலிண்டரை வேனில் மாட்டி ஓட்டும் பழக்கமும் அங்கங்கே இருக்கிறது. அது சட்டப்படி குற்றம், அதோடு பிள்ளைகளை வைத்துக்கொண்டு விளையாடும் தீ. கேஸில் ஓட்ட விரும்பினால் அங்கீகாரம் பெற்ற கிட் போட்டு, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

எங்கள் வேன் இப்போது 13 கொடுக்கிறது. மொத்தச் செலவு, முதலில் கேட்ட தொகையில் கால்வாசி கூட ஆகவில்லை. பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் மாற்றும் வேலை மட்டும் பாக்கி. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முடித்துவிடுவோம். டேஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெட்ரோல் போட்ட தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் டிரைவர் எழுதுகிறார். அந்த அம்மா போன வாரம் ஏறியதும் மூக்கைச் சுளிக்காமல் உட்கார்ந்துவிட்டு, “வண்டியை மாத்திட்டீங்களா?” என்று கேட்டார்கள்.