அடிபட்டது தலையில், இரத்தம் வயிற்றில் ஏன்?



ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானவர்கள், ஆலையில் தீக்காயம் பட்டவர்கள், வயலில் பாம்பு தீண்டியவர்கள் என்று பலரும் இப்பகுதியின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வருகிறார்கள். வெளியே காத்திருக்கும் உறவினர் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, அடி தலையில்தானே? வயிற்றிலிருந்து ஏன் இரத்தம் வருகிறது?" நம்மைத் தாங்கிவரும் நீங்களும் இதற்குப் பதில் அறிந்திருப்பது நல்லது.

தீக்காயம் பட்டவர்களுக்குக் குடலின் தொடக்கப் பகுதியில் புண் உண்டாவதை 1842-இல் லண்டன் அறுவை மருத்துவர் கர்லிங் எடுத்துக் கூறினார். மூளைக் கோளாறுக்கும் இரைப்பைப் புண்ணுக்கும் உள்ள தொடர்பை 1932-இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் குஷிங் விளக்கினார்.

காரணம் என்ன?

நமது இரைப்பையில் சுரக்கும் அமிலம் கடுமையானது. இரைப்பையின் உட்சுவர் வழுவழுப்பான ஒரு படலத்தால் தன்னைக் காத்துக்கொள்ளுகிறது. அந்தப் படலம் நிலைக்க வேண்டுமானால் சுவருக்கு இரத்த ஓட்டம் தடையின்றி வரவேண்டும். சரீரம் பெரும் ஆபத்தில் இருக்கும்போது, இதயத்தையும் மூளையையும் காப்பதற்காக வயிற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைந்துபோகிறது. காவல் தளர்ந்த சுவரை அமிலம் அரிக்கிறது. சிறு சிறு புண்கள் தோன்றிக் கசிகின்றன. இதை 'ஸ்ட்ரெஸ் அல்சர்' என்பார்கள். இங்கே ஸ்ட்ரெஸ் என்பது மனக்கவலை அல்ல. சரீரம் படும் பாடு.

மூக்கு வழியாக வயிற்றுக்குள் விட்ட குழாயில் காப்பித்தூள் நிறத்தில் நீர் வருவதும், மலம் தார்போல் கறுத்துப் போவதும் இதன் அடையாளங்கள்.

யாருக்கு ஆபத்து?

கனடாவில் டாக்டர் டெபோரா குக் குழுவினர் தீவிர சிகிச்சை பெற்ற 2,252 பேரை ஆராய்ந்து 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆபத்தான இரத்தக்கசிவு 33 பேருக்கு மட்டுமே ஏற்பட்டது. ஆனால் அந்த 33 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் மரித்தார்கள். 31 பேருக்கு இரண்டு காரணங்களில் ஒன்றாவது இருந்தது: 48 மணி நேரத்துக்கு மேல் செயற்கை சுவாசக் கருவியில் இருத்தல், அல்லது இரத்தம் உறையாத நிலை. கண்ணாடி விரியன் கடித்தவரின் இரத்தம் உறையாமல் போவதை இப்பகுதி மக்கள் அறிவார்கள். அவருக்கு முதலாவது வேண்டியது விஷமுறிவு மருந்தே.

தடுப்பது எப்படி?

முதலில் இரத்த அழுத்தத்தையும் பிராணவாயுவையும் சீராக்க வேண்டும். கூடிய சீக்கிரம் குழாய் வழியே உணவு தொடங்க வேண்டும். ஆபத்து மிகுந்தவர்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் உண்டு. 2024-இல் வெளியான ஆய்வில், 8 நாடுகளில் செயற்கை சுவாசத்திலிருந்த 4,821 பேரில் ஒரு சாராருக்குத் தினமும் 40 மில்லிகிராம் பான்டபிரசோல் நரம்பு வழியே செலுத்தினார்கள். மருந்து பெற்றவர்களில் 100-க்கு 1 பேருக்கும், பெறாதவர்களில் 100-க்கு 3 அல்லது 4 பேருக்கும் ஆபத்தான இரத்தக்கசிவு உண்டானது. ஆனால் மரண எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே இம்மருந்து இரத்தக்கசிவைத் தடுக்குமே தவிர, மூல நோயைக் குணமாக்காது.

எல்லாருக்கும் இது தேவையுமில்லை. இரைப்பை அமிலம் கிருமிகளைக் கொல்லும் காவலனும்கூட. ஆபத்து நீங்கியபின் மருத்துவர் இதை நிறுத்துவார். ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள் என்று வீட்டில் வருஷக்கணக்காக விழுங்குவதும் சரியல்ல. வேறு காரணத்துக்காகக் கொடுத்ததைத் தாமாக நிறுத்துவதும் சரியல்ல.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் சபையில் யாராவது இப்பிரிவில் சேர்க்கப்பட்டால், அவருக்கு முன்பே வயிற்றுப்புண் இருந்ததா, மதுப்பழக்கம் உண்டா, மூட்டுவலி மாத்திரையோ இரத்தத்தை இளக்கும் மாத்திரையோ சாப்பிட்டாரா என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லச் செய்யுங்கள். அன்பினால்கூட நோயாளியின் வாயில் இளநீரோ காப்பியோ ஊற்ற வேண்டாம். அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். இரத்தக்கசிவு நேர்ந்துவிட்டால் மாற்று இரத்தம் உடனே தேவைப்படும். உங்கள் சபை வாலிபர் இரத்த தானத்துக்கு முன்வருவார்களானால், அது முகமறியாத ஒரு குடும்பத்துக்குச் செய்யும் பேருதவி.

கிறிஸ்துவின் அன்பில்,
மருத்துவமனை ஆயர்