மீன் சினையில் தூண்டில் இரை

மெர்கோங் வட்டார வயல் வாய்க்கால்களில் தூண்டில் போடுபவரா நீங்கள்? அப்படியானால், சந்தை மீனைக் கழுவும்போது சினையை எறிந்துவிடாதீர்கள்.

பை கிழியாமல் எடுத்து, தண்ணீர் படாமல் துடைத்து, உப்பில் புரட்டி ஓரிரவு வையுங்கள். வடிந்த நீரைக் கொட்டிவிட்டு நிழலில் காற்றாட விடுங்கள். முட்டை ரப்பர்போல் இறுகினால் அதுதான் பதம். நக அளவு வெட்டி, பழைய கொசுவலைத் துண்டில் பொதிந்து, தையல் நூலால் கட்டி முள்ளில் கோர்த்துவிடுங்கள். கெளுத்தி வாடைக்கே வரும். விரால் மட்டும் பிகு செய்யும், அதற்குத் தவளைதான்!

அமெரிக்காவில் சால்மன் முட்டையை வெங்காரம் போட்டுப் பதப்படுத்துவார்கள். நமக்கு அது வேண்டவே வேண்டாம். பார்வைக்கு உப்புப்போலவே இருக்கும். அவசரத்தில் குழம்பில் விழுந்தால் பிள்ளைகளுக்கு நஞ்சு. உப்புப் போதும். இரை டப்பாவையும் அடுப்படியில் வைக்காதீர்கள்.