பெயர் தெரியாத இசைத்தட்டுகள்



அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லி நிறுத்திக்கொள்வர். லூயி ஆம்ஸ்ட்ராங் என்பர், டியூக் எலிங்டன் என்பர். சற்றுக் கூடுதலாகக் கேட்டவர்கள் பென்னி குட்மன், கவுண்ட் பேஸி என்று சேர்த்துக்கொள்வர். இவர்கள் அனைவரும் புகழுக்கு உரியவர்களே. ஆனால் அதே ஆண்டுகளில், அதே நடன மண்டபங்களில் வாசித்த வேறு பல குழுக்களும் இருந்தன. அவற்றுள் சில, ஓரிரு இசைத்தட்டுகளை மட்டும் விட்டுச்சென்று மறைந்துபோயின. அந்தத் தட்டுகளைத் தேடிச் சேர்த்து, கூடி அமர்ந்து கேட்டு, ‘இதில் ஊதுபவர் யார்?’ என்று வாதாடிய மனிதர்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். பழைய தட்டுகளைச் சேர்ப்பதும் ஒரு வேலையா என்று கேட்கத் தோன்றும். அந்த மனிதர்கள் இல்லாவிட்டால் ஜாஸ் இசையின் வரலாற்றில் பாதியை எழுதியிருக்கவே முடியாது என்பது என் கருத்து.

ஜாஸ், அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த இசை. ஆயினும் அதன் முதல் இசைத்தட்டு 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானபோது வாசித்தவர்கள் வெள்ளையர்கள். அந்தக் கதையைத் தனி உரையாகவே நிகழ்த்தலாம். 1930களில் இவ்விசை, பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் கொண்ட பெரிய குழுக்களின் நடன இசையாக மாறியது. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன் என்று ஊதுகருவிகள் வரிசை வரிசையாக முழங்க, தாளம் ஊஞ்சலைப்போல் வீசி வீசிச் செல்லும். அதனால் ‘சுவிங்’ என்று பெயர். 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பாலோமர் மண்டபத்தில் பென்னி குட்மன் குழுவுக்குக் கிடைத்த பெரும் வரவேற்பிலிருந்து சுவிங் காலத்தைக் கணக்கிடுவது வழக்கம்.

இந்த இசையில் எழுதிவைத்து வாசிக்கும் பகுதி உண்டு. அந்த நேரத்தில் மனத்தில் தோன்றுவதை வாசிக்கும் பகுதியும் உண்டு. நம்மவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. திருவிழாவில் நாகசுர வித்துவான் தோடியை எடுத்தால், நேற்று வாசித்த அதே தோடியையா இன்றும் வாசிக்கிறார்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் விரித்தார் என்று கேட்டவர்கள் சொல்வதுண்டு. இசைத்தட்டில் அவருக்குக் கிடைத்ததோ ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்கள்தாம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டு, மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். ஜாஸ் கலைஞர்களுக்கும் இதே நெருக்கடி இருந்தது.

பதிவு நிலையத்தில் ஒரே பாட்டை இரண்டு மூன்று தடவை வாசிக்கச் சொல்வார்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்து விற்பனைக்கு விடுவார்கள். சில வேளைகளில் முதல் அச்சு தேய்ந்ததாலோ கவனக்குறைவாலோ, மற்றொரு தடவை வாசித்ததும் அதே விற்பனை எண்ணில் கடைக்கு வந்துவிடும். மேலே ஒட்டிய தாளில் எந்த வேறுபாடும் இராது. ஆனால் ஊசியை வைத்துக் கேட்டால், நடுவே வரும் தனி வாசிப்பு முற்றிலும் வேறாக இருக்கும். ஒரே தட்டை ஒருவர் இரண்டு பிரதி வாங்கி வைத்திருப்பதைக் கண்டு நகைப்பவர்கள் இதை அறியமாட்டார்கள்.

அந்த இரண்டையும் பிரித்தறிவது எப்படி? தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். நடுவில் ஒட்டிய வட்டத் தாளுக்கும் பாட்டு முடியும் பள்ளத்துக்கும் இடையே வழவழப்பான வளையம் ஒன்று இருக்கும். பல தட்டுகளில் அங்கே மெல்லிய எழுத்தில் ஓர் எண் பொறித்திருப்பார்கள். அது பதிவு எண். அதன் பின்னால் ஒன்று, இரண்டு என்றோ, ஏ, பி என்றோ வரும் குறி, எத்தனையாவது தடவை வாசித்தது என்பதைக் காட்டும். பதிவு எண்களை வரிசைப்படுத்தினால், எந்தெந்தப் பாட்டுகள் அடுத்தடுத்துப் பதிவாயின என்பது புலப்படும். ஒரு பாட்டில் வாசித்தவர் யார் என்று தெரிந்தால், அடுத்த எண்ணுடைய பாட்டிலும் அவரே இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம்.

ஊகிக்க வேண்டிய அவசியம் எதனால் வந்தது? அக்காலத்துத் தட்டுகளில் பெரும்பாலும் குழுத்தலைவர் பெயர் மட்டுமே இருந்தது. அதுவும் சில சமயம் பொய்ப் பெயர். ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தவர் வேறு கம்பெனிக்கு வாசித்தால் புனைபெயரில்தானே வெளிவர முடியும்? டியூக் எலிங்டன் குழு ‘ஜங்கிள் பேண்ட்’ என்றும் ‘வூப்பி மேக்கர்ஸ்’ என்றும் வந்தது. ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழு ‘டிக்ஸி ஸ்டாம்ப்பர்ஸ்’ ஆயிற்று. கம்பெனிகளுக்கு இது வெறும் வியாபாரச் சரக்கு. யார் ஊதினார், யார் பறையடித்தார் என்று எழுதிவைக்கும் அக்கறை அவற்றுள் பலவற்றுக்கு இருக்கவில்லை.

அந்தக் குறையை நிரப்பியவர்கள் சேகரிப்பாளர்களே. பாரிஸ் நகரில் சார்ல் டெலோனே என்ற இளைஞர், புகழ்பெற்ற ஓவியத் தம்பதியரின் மகன், 1936இல் ஜாஸ் இசைத்தட்டுகளின் அட்டவணை நூல் ஒன்றை வெளியிட்டார். எந்தத் தட்டு, எந்த நாள், எந்த ஊர், யார் யார் எந்தக் கருவி என்று வரிசைப்படுத்திக் காட்டிய முன்னோடி நூல் அது. அமெரிக்கர்கள் தங்கள் வீட்டுச் செல்வத்துக்குப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கணக்கெழுத வேண்டியிருந்தது! பின்னர் 1961இல் இங்கிலாந்தின் பிரையன் ரஸ்ட் இன்னும் விரிவான அட்டவணையைக் கொண்டுவந்தார். பி.பி.சி.யின் இசைத்தட்டு நூலகத்தில் பணிபுரிந்தவர் அவர்.

இந்த அட்டவணைகளுக்குப் பின்னால் எத்தனையோ இரவுகளின் விவாதம் இருக்கிறது. நால்வர் கூடி ஒரு தட்டைச் சுழலவிடுவார்கள். கிளாரினெட் வாசிப்பவர் உச்ச சுரத்தை நேராகப் பிடிக்கிறாரா, கீழிருந்து வளைத்து ஏறுகிறாரா? நீண்ட சுரத்தின் முடிவில் நடுக்கம் கொடுக்கிறாரா? மூச்சை எங்கே எடுக்கிறார்? கையெழுத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை இது. என் வகுப்பில் பெயரெழுதாமல் வந்த நோட்டுப் புத்தகத்தை எழுத்தின் சாய்வைப் பார்த்தே உரியவனிடம் கொடுத்துவிடுவேன். அவர்களுடைய காதும் அப்படித்தான் பழகியது.

உயிரோடிருந்த கலைஞர்களைத் தேடிச்சென்றும் கேட்டார்கள். 1939இல் வெளிவந்த ‘ஜாஸ்மென்’ என்ற நூலுக்காக ஆய்வு செய்தவர்கள், பங்க் ஜான்சன் என்ற பழைய டிரம்பெட் கலைஞரை லூசியானா மாநிலத்தின் நியூ ஐபீரியா ஊரில் கண்டுபிடித்தார்கள். முன்பற்களை இழந்து வாசிப்பையே விட்டிருந்த அவருக்குப் புதுப் பற்கள் கட்டப்பட்டன. 1942இல் அவர் வாசிப்பு முதன்முதலாகத் தட்டில் பதிவாயிற்று. பழைய நாட்களைப் பற்றி அவர் நிறையவே சொன்னார். அவர் சொன்ன வயதே சரிதானா என்று பின்வந்த ஆய்வாளர்கள் ஐயுற்றனர். வாய்மொழியையும் தட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

நியூயார்க்கில் மில்ட் கேப்ளர் என்பவர் தம் தந்தையின் வானொலிப் பெட்டிக் கடையை இசைத்தட்டுக் கடையாக மாற்றினார். கம்பெனிகள் கைவிட்ட பழைய பதிவுகளை 1930களின் நடுவில் அவர் காசு கொடுத்து மறுபடி அச்சிட வைத்தார். குழுவில் வாசித்த ஒவ்வொருவர் பெயரையும் தட்டின் தாளிலேயே அச்சிட்டார். சிறு காரியம்போல் தோன்றுகிறது. ஆனால் பல கலைஞர்கள் தங்கள் வாசிப்புக்கு நேரே தங்கள் பெயரை முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

இனி, அதிகம் அறியப்படாத சில குழுக்களைப் பார்ப்போம். ஓக்லஹோமா பகுதியில் வால்ட்டர் பேஜ் நடத்திய ‘புளூ டெவில்ஸ்’ என்ற குழு ஒன்று இருந்தது. கவுண்ட் பேஸி, பாடகர் ஜிம்மி ரஷிங், சாக்ஸஃபோன் மேதை லெஸ்டர் யங் ஆகியோர் வெவ்வேறு காலங்களில் அதில் இருந்தவர்கள். பின்னாளில் உலகறிந்த பேஸி குழுவின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தக் குழு பதிவு செய்தது எவ்வளவு தெரியுமா? 1929 நவம்பரில், கேன்சஸ் சிட்டியில், ஒரே ஒரு தட்டு. இரண்டே பக்கங்கள். ஆறு நிமிடத்தில் கேட்டு முடித்துவிடலாம். அந்த ஒரு தட்டும் உடைந்து மறைந்திருந்தால், அக்குழுவைப் பற்றி முதியவர்களின் நினைவு மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கும்.

ஆசிரியன் என்ற முறையில் ஜிம்மி லன்ஸ்ஃபர்டைச் சொல்லாமல் இருக்க என்னால் இயலாது. மெம்ஃபிஸ் நகரின் மனாசஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் அவர். தம் மாணவர்களைக் கொண்டே குழு அமைத்து 1927இல் முதல் தட்டைப் பதிவு செய்தார். 1930களின் நடுவில் அவர் குழு எலிங்டன், பேஸி குழுக்களோடு நேருக்கு நேர் நின்றது. இன்று பொதுமக்கள் அவர் பெயரை அறிந்திருப்பது குறைவு. குட்டிக் குட்டியாக வெட்டித் தைத்ததுபோன்ற அவருடைய குழுவின் ஒழுங்கை நான் பேஸியின் ஆரவாரத்துக்கும் மேலாக மதிக்கிறேன். இதை ஒப்பாதவர்கள் உண்டு என்பதும் தெரியும்.

இசைத்தட்டுகள் அழிந்த விதத்தையும் சொல்லவேண்டும். 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் பல தட்டுக் கம்பெனிகள் மூடின. அச்சுத் தகடுகள் பழைய உலோகமாகக் கழிந்தன. பிறகு போர் வந்தது. 78 சுற்றுத் தட்டின் முக்கியச் சரக்கு அரக்கு. பாண்டவர்களைக் குடிவைத்த மாளிகைக்குப் பூசினார்களே, அந்த அரக்குதான். சோட்டா நாகபுரிப் பகுதியின் மரங்களில் வாழும் சிறு பூச்சியிடமிருந்து எடுப்பது. போரினால் கப்பல் போக்குவரத்துக்கு ஆபத்து நேர்ந்தபோது, 1942இல் அமெரிக்க அரசு அரக்குப் பயன்பாட்டைக் கடுமையாகக் குறைத்தது. புதுத் தட்டு வேண்டுவோர் பழைய தட்டைக் கொண்டுவரவேண்டும் என்று கடைகளில் கேட்டார்கள். அரைத்து மறுபடி அச்சிடுவதற்காக! அந்த அரவையில் போனவை என்னென்ன என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

அதே 1942 ஆகஸ்டு முதல் நாள், இசைக்கலைஞர் சங்கம் ஊதியப் பிரச்சினையால் பதிவுக்கு வருவதையே நிறுத்தியது. டெக்கா கம்பெனி 1943இலும், விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரிலும்தான் இணங்கின. சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் சேர்ந்து வாசித்த ஏர்ல் ஹைன்ஸின் 1943ஆம் ஆண்டுக் குழு, இதனால் ஒரு தட்டுகூட வெளியிடாமலே கலைந்தது. சுவிங் இசை அடுத்த கட்டத்துக்குத் திரும்பிய வளைவே அங்குதான் இருக்கிறது. சங்கத்தின் கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் இசைக்கு நேர்ந்த இழப்பும் மெய்தான்.

இத்தகைய இடைவெளிகளைச் சில தனிமனிதர்கள் அடைத்தார்கள். 1940 நவம்பர் 7ஆம் நாள், வடக்கு டகோடா மாநிலத்தின் ஃபார்கோ ஊர் நடன மண்டபத்தில் எலிங்டன் குழு வாசித்தது. ஜாக் டவர்ஸ், டிக் பர்ரிஸ் என்ற இரு இளைஞர்கள் அனுமதி பெற்று, தட்டில் வெட்டிப் பதியும் கருவியைக் கொண்டுபோய் வைத்தார்கள். பாஸ் கலைஞர் ஜிம்மி பிளான்ட்டன் அன்று அக்குழுவில் இருந்தார். 1942இல், இருபத்து மூன்றாம் வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அந்த இரவின் ஒலியில் மண்டபத்தின் இரைச்சலும் கேட்கிறது, மூன்று நிமிட வேலியைத் தாண்டிப் போகும் குழுவும் கேட்கிறது. 1978இல் முறைப்படி வெளிவந்த அப்பதிவு, 1980இல் கிராமி விருது பெற்றது.

பில் சேவரியின் கதை வேறு வகை. நியூயார்க்கில் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்த அவர், 1930களின் பிற்பகுதியில் வானொலியில் வந்த ஜாஸ் நிகழ்ச்சிகளைப் பெரிய தட்டுகளில் பதிந்து வைத்தார். ஏறத்தாழ ஆயிரம் தட்டுகள். குட்மன் குழுவின் சில பதிவுகள் 1950களில் வெளிவந்தன. மற்றவற்றை மிகச் சிலரே கேட்டார்கள். 2004இல் அவர் காலமானார். 2010இல் ஹார்லெம் ஜாஸ் அருங்காட்சியகம் அவற்றைப் பெற்றுப் பெட்டிகளைத் திறந்தபோது, சில தட்டுகளில் அலுமினியத்தின் மேலிருந்த பூச்சு உரிந்து போயிருந்தது. கோல்மன் ஹாக்கின்ஸ் 1939இல் மூன்று நிமிடத்தில் பதிந்து புகழ்பெற்ற ‘பாடி அண்ட் சோல்’ பாட்டை, அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு நேரம் விரித்து வாசித்த ஒரு பதிவும் உள்ளே கிடந்தது. சேவரி காப்பாற்றியதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். எழுபது ஆண்டுகள் பூட்டி வைத்ததை நான் பாராட்ட மாட்டேன். பத்துப் பேர் கேட்டு வாதாடியிருந்தால், உரிந்துபோவதற்கு முன்பே பல தட்டுகளுக்குப் படியெடுத்திருப்பார்கள். அவற்றில் ஒரு பகுதி 2016 முதல் பொதுமக்கள் கேட்கக் கிடைக்கிறது.

இவ்வுரையைக் கேட்டபின் வீட்டுப் பரணில் உள்ள பழைய தட்டுகளை இறக்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டொரு குறிப்பு. 78 சுற்றுத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். ஒட்டிய தாளில் உள்ளதோடு, வழவழப்பான வளையத்தில் உள்ள எண்ணையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தூசியை மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைக்க வேண்டும். ஸ்பிரிட் கலந்த எதையும் தொடவே விடாதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும்.