பகடை உருளும் முன்

ஒரே அளவு திறமை கொண்ட இருவர் மோதினால் வெற்றி யாருக்குக் கிட்டும்? அவர்கள் எங்கே, எந்த நிலையில் நிற்கின்றனர் என்று அறியாமல் இதற்கு விடை கூற இயலாது. இவ்வுண்மையை எண்களால் உணர்த்தும் மேசை விளையாட்டு ஒன்று உண்டு.

அதன் பெயர் ‘கிங் ஆர்தர் பென்டிராகன்’. கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய இவ்விளையாட்டு 1985-ஆம் ஆண்டு வெளிவந்தது. விளையாடுவோர் ஆர்தர் மன்னர் காலத்துக் குதிரைவீரர்களின் பாத்திரங்களை ஏற்பர். ஒவ்வொரு வீரரின் வாள்திறனும் ஓர் எண்ணால் குறிக்கப்படும். மோதலின்போது இருவரும் இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டுவர். விழும் எண் திறன் எண்ணை மிஞ்சாவிட்டால் வீச்சு பலிக்கும். இருவர் வீச்சும் பலித்தால், பொதுவாகப் பெரிய எண் பெற்றவரே வெல்வார்.

திறன் எண்ணோடு சூழலையும் கணக்கிட வேண்டும். குதிரை மீதிருப்பவர் தரையில் நிற்பவரோடு மோதினால், முன்னவருக்கு 5 கூடும். பின்னவருக்கு 5 குறையும்.

எடுத்துக்காட்டாக, இருவரின் வாள்திறனும் 15 எனக் கொள்வோம். குதிரைவீரருக்குப் பகடையில் 9 விழுகிறது. தரையில் நிற்பவருக்கு 12 விழுகிறது. இருவரும் தரையில் நின்றிருந்தால், 12 பெற்றவர் வென்றிருப்பார். இப்போதோ அவருடைய திறன் 10 ஆகக் குறைந்துவிட்டது. 12 அதனை மிஞ்சுவதால் அவர் வீச்சு தவறுகிறது. திறன் 20 ஆக உயர்ந்த குதிரைவீரர் வெல்கிறார். பகடை எண்கள் மாறவில்லை, முடிவு மாறிவிட்டது. அவரும் குதிரை ஏறிவிட்டால் இருவருக்கும் திறன் மீண்டும் 15 ஆகும்.

இக்கணக்கு விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. கிள்ளானில் ராஜா மஹாடி கோட்டை குன்றின் மேல் அமைந்துள்ளது. 1867-இல் கிள்ளானைக் கைப்பற்றிய ராஜா மஹாடிக்கு அவ்வுயரம் ஒரு கூட்டல். ஆனால், பொருள்கள் வந்துசேரும் ஆற்றுவழி அடைபட்டது பெரியதொரு கழித்தல். 1870-இல் அவர் கிள்ளானை விட்டு வெளியேற நேர்ந்தது.

திருவள்ளுவரும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். பகலில் காக்கை ஆந்தையை வெல்லும் என்கிறார். நீரில் வெல்லும் முதலை கரையில் தோற்கும் என்கிறார். வலிமை ஒன்றே போதாது என்பதே அவர் கருத்து.

விளையாடும்போது ஒரு நெறியை மறத்தல் கூடாது. கூட்டலையும் கழித்தலையும் பகடை உருளும் முன்பே இரு தரப்புக்கும் முடிவு செய்துவிட வேண்டும். எண்ணைப் பார்த்தபின் காரணம் தேடுவது நேர்மையாகாது. தேர்வாயினும் போட்டியாயினும், நமக்குச் சாதகமானவற்றோடு பாதகமானவற்றையும் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்போம். பகடை நம் கையில் இல்லை. கணக்கு நம் கையில் உள்ளது.