மனச்சான்றின் முன் ஒரு முறையீடு

நாடகப் பேராசான் ஷேக்ஸ்பியரின் பெற்றோராகிய ஜானும் மேரியும் 1597ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றத்தில் முறையீட்டு மனு ஒன்றை அளித்தனர். மேரிக்கு உரிமையான வில்ம்கோட் சொத்தை அவர்கள் 1578இல் 40 பவுனுக்கு உறவினர் எட்மண்ட் லாம்பர்ட்டிடம் ஈடு வைத்திருந்தனர். 1580இல் பணத்தைக் கொண்டு சென்றும், ஏனைய கடன்களையும் தீர்த்தாலன்றி மீட்க இயலாதென அவர் மறுத்துவிட்டார் என்பதே அவர்தம் குறை. எட்மண்ட் இறந்தபின் சொத்தை வைத்திருந்த மகன் ஜான் லாம்பர்ட் மீது மனு எழுந்தது.

சான்சரியை நாடியது ஏன்? பொதுச் சட்ட நீதிமன்றங்கள் குறித்த சில வடிவங்களுக்குள் அடங்கும் வழக்குகளையே ஏற்றன. ஈட்டில் தவணை தவறின் சொத்து கடன் கொடுத்தவர்க்கே என்றன. அங்கே வழி காணாதோர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அரசரின் பேரமைச்சரான சான்சலரிடம் முறையிடலாயினர். அவர் எதிரியின் மனச்சான்றை ஆராய்ந்து வழங்கியதே ஒப்புரவு நீதி.

மனுவின் அமைப்பு நுட்பமானது. முதலில் சான்சலரை விளித்தல். அடுத்து நிகழ்ந்தவற்றைக் கூறல். பின்னர் எதிரியின் தவற்றைச் சுட்டல். இறுதியில் தீர்வு வேண்டலும் எதிரியை அழைப்பாணையால் வரவழைக்குமாறு கோரலும். எதிரி ஆணையிட்டு எழுத்தில் விடை தர வேண்டும். முறையிடுவோர் தம்மை 'ஓரேட்டர்' என்றனர். இங்கு அச்சொல்லுக்குச் சொற்பொழிவாளர் என்பது பொருளன்று. இறைஞ்சுவோர் என்பதே பொருள். பொதுச் சட்ட நீதிமன்றங்களின் ஆவணங்கள் இலத்தீனில் இருக்க, இம்மனுக்கள் 15ஆம் நூற்றாண்டிலிருந்து மக்கள் மொழியாகிய ஆங்கிலத்தில் எழுந்தன. ஆதலின், வரலாற்றில் இடம்பெறாத எளியோர் பலரின் குரலை இவற்றிற் கேட்கிறோம்.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஜானும் மேரியும் தம்மைச் செல்வமும் துணையும் குறைந்தோர் என்றும், லாம்பர்ட்டைச் செல்வாக்குடையவர் என்றும் மனுவிற் கூறினர். சான்சரி தலையிடுவதற்குக் காரணம் காட்ட மனுதாரர் பலரும் கையாண்ட வாய்பாடே இது. பணம் உரிய நாளில் தரப்படவில்லை என்றார் லாம்பர்ட். மனு ஒரு தரப்பின் கூற்று. அதுவே உண்மைக்குத் தீர்ப்பாகாது. வில்ம்கோட் சொத்தும் அக்குடும்பத்திற்குத் திரும்பவில்லை.

பிற்காலத்தில் காலத்தாழ்வுக்குப் பெயர்போன சான்சரி, 1873, 1875ஆம் ஆண்டுச் சட்டங்களால் உயர் நீதிமன்றத்துள் இணைந்தது. ஆயினும் அம்மனுக்கள் உணர்த்தும் உண்மை பழையதாகிவிடவில்லை. குறையுற்றோன் தன் சொல்லைத் தடையின்றி வைக்க ஓரிடம் வேண்டும். அச்சொல்லுக்கு மறுமொழி கேட்கும் பொறுமையும் அவ்விடத்தில் வேண்டும். இவ்விரண்டும் கூடுமிடத்தேதான் நீதி நிற்கும்.