விரல் நுனி இரத்தமும் கொலஸ்ட்ரோல் கணக்கும்

ஊரில் இலவச மருத்துவ முகாம் என்றால் பெண்கள் வரிசை நீண்டுவிடும். விரலில் ஒரு குத்து, ஒரு துளி இரத்தம், சில நிமிடங்களில் கையடக்கக் கருவியில் ஓர் இலக்கம். அதைக் கண்டு கலங்கி உறக்கம் இழப்போர் உண்டு. "எனக்கு ஒன்றுமில்லை" என்று குடித்துவந்த மாத்திரையை நிறுத்திவிடுவோரும் உண்டு. அந்த இலக்கத்தை எந்தளவுக்கு நம்பலாம்?

அமெரிக்காவின் தேசியக் கொலஸ்ட்ரோல் கல்வித் திட்டம் வகுத்த அளவுகோலின்படி, மொத்தக் கொலஸ்ட்ரோலை அளப்பதில் பிழை 8.9 வீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது, ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் உண்மையான அளவு 200 மில்லிகிராம் என்றால், தரமான கருவியும் 182 என்றோ 218 என்றோ காட்டக்கூடும். 200 க்குக் கீழே நல்லது, 240 உம் அதற்கு மேலும் அதிகம் என்பது பொதுக் கணக்கு. எனவே எல்லையருகே நிற்பவருக்கு ஒரு முகாமில் ஒரு முடிவும், மறு முகாமில் வேறு முடிவும் கிடைப்பதில் வியப்பில்லை. ஆனால் 280 என்று வந்தால், பிழையைக் கழித்தாலும் அது அதிகம்தான். முகாம்களின் பயன் இங்கேதான் இருக்கிறது.

பிழை கருவியில் மட்டுமல்ல, பரிசோதிக்கும் முறையிலும் நேரும். இரத்தம் வரவில்லையென்று விரலைப் பிசைந்தால் உடல் நீர் கலந்து அளவு மாறும். விரல் ஈரமாயிருந்தாலும், ஸ்ட்ரிப் காலாவதியானாலும், வெப்பமும் ஈரக்காற்றும் பட்டுக் கெட்டிருந்தாலும் கணக்குத் தவறும். மொத்தக் கொலஸ்ட்ரோலுக்கு வெறும் வயிறு அவசியமில்லை. டிரைகிளிசரைட்டோ சாப்பாட்டுக்குப் பின் உயரும்.

பெண்கள் இன்னும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் கொலஸ்ட்ரோல் இயல்பாகவே உயரும். அந்நேரத்து அளவைக் கொண்டு முடிவெடுக்கலாகாது. மேலும், எச்.டி.எல். எனும் நல்ல கொலஸ்ட்ரோல் பொதுவாக ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதுவும் மொத்தக் கணக்கில் சேர்வதால், மொத்தத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவது சரியன்று.

உம்மாவையோ மாமியையோ முகாமுக்கு அழைத்துச் செல்லும் சகோதரிகளே, இவற்றை மறவாதீர்கள்:

• கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஐந்து நிமிடம் அமர்ந்திருக்கச் செய்யுங்கள்.

• ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியால் ஹெப்படைட்டிஸ் பி போன்ற நோய்கள் மற்றவருக்குத் தொற்றலாம்.

• ஸ்ட்ரிப்பின் காலாவதித் திகதியைக் கேளுங்கள்; கேட்பதில் வெட்கமில்லை.

• வந்த அளவைத் திகதியுடன் எழுதிக்கொள்ளுங்கள். அதிகமாயிருந்தால் ஆய்வுகூடத்தில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து மீண்டும் பார்த்து, வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் வயது, இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றையும் சேர்த்தே முடிவு சொல்வார்.

மாத்திரை குடிப்பவருக்கு 180 என்று வந்தால், மாத்திரை வேலை செய்கிறது என்றே பெரும்பாலும் பொருள். இனித் தேவையில்லை என்பதல்ல. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் வைத்தியரின் சொற்படியே நடக்கட்டும்.