ஒரு பேஸா, மூன்று பேஸா?

குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களுக்கு வாழ்வாதாரக் கடன் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது எனது பணிகளுள் ஒன்று. மா அரைக்கும் ஆலை போட விரும்பும் சகோதரிகளிடம் நான் முதலில் கேட்பது, "உங்கட வீட்டுக்கு எத்தனை பேஸ் கரண்ட்?" என்பதுதான். "அது ஆம்பிளையள் பாக்கிற விசயமெல்லோ பிள்ளை" என்று பலர் சொல்வார்கள். மின்பட்டியலைக் கட்டுவதும் கடனைச் சுமப்பதும் நாமே என்றால், இதுவும் எமது விடயந்தான்.

எமது வீடுகளுக்கு வருவது ஆடலோட்ட மின்சாரம். அது ஒரே திசையில் ஓடுவதில்லை. செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அதன் அழுத்தம் ஏறி, இறங்கி, பூச்சியமாகி, மறுதிசையில் ஏறி இறங்குகிறது.

உரலில் மா இடிப்பதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் இடித்தால் குத்துக்குக் குத்து இடைவெளி விழும். மூன்று பேர் ஒரே உரலில் முறைவைத்து இடித்தால் இடைவெளி இல்லை, உலக்கைகளும் மோதாது. மூன்று பேஸ் என்பதும் இப்படித்தான். மூன்று உயிர்க்கம்பிகளிலும் அழுத்தம் ஒரே அளவு. ஆனால் ஒன்று உச்சத்தைத் தொட்டு, செக்கனின் 150இல் ஒரு பங்கு நேரம் கழித்தே அடுத்தது தொடுகிறது. அதனால் பெரிய மோட்டர்கள் தடையின்றிச் சுழல்கின்றன. பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் பேஸை 'அவத்தை' என்று எழுதியிருப்பார்கள்.

சாதாரண வீட்டுக்கு ஓர் உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும் வரும். அவற்றுக்கிடையே 230 வோல்ற்று. மூன்று பேஸ் இணைப்பில் மூன்று உயிர்க்கம்பிகளும் ஒரு நொதுமலும் வரும். எந்த இரண்டு உயிர்க்கம்பிகளுக்கும் இடையே 400 வோல்ற்று. தெருவிலுள்ள வீடுகளை மூன்று பேஸ்களுக்கும் பிரித்தே இணைப்பார்கள். பக்கத்து வீட்டில் வெளிச்சமிருக்க உங்கள் வீடு மட்டும் இருண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வேளையில் அயல்வீட்டிலிருந்து வயர் இழுக்க வேண்டாம். அது வேறு பேஸாக இருந்தால் 400 வோல்ற்று ஆபத்து உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் ஆலையில் ஒரு பேஸ் போன பின்னும் மோட்டர் முனகிக்கொண்டே ஓடியது. மற்ற இரண்டு பேஸ்களும் முழுச் சுமையையும் இழுத்ததில் சூடேறி, உள்ளே சுற்றியிருந்த கம்பி எரிந்துவிட்டது. மோட்டர் நின்றது, கடன் தவணை நிற்கவில்லை.

ஆகவே சகோதரிகளே, முற்பணம் கொடுக்க முன் இயந்திரத்தில் பதித்துள்ள தகட்டைப் பாருங்கள். 230 வோல்ற்று, ஒரு பேஸ் என்றிருந்தால், வீட்டு இணைப்பு அதைத் தாங்குமா என்று மின் தொழில்நுட்பவியலாளரிடம் கேளுங்கள். 400 வோல்ற்று, மூன்று பேஸ் என்றிருந்தால், புதிய இணைப்புக்கான செலவை மின்சார அலுவலகத்தில் எழுத்தில் பெற்று, கடன் கணக்கில் சேருங்கள். ஒரு பேஸ் போனால் மோட்டரைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புக் கருவியையும் கேட்டுப் பூட்டுவியுங்கள். மோட்டர் முனகினால் உடனே நிறுத்துங்கள். திருத்த வேலைக்குப் பின் அது சரியான திசையில் சுழல்கிறதா என்று பாருங்கள். இரண்டு பேஸ் கம்பிகள் இடம் மாறினால் எதிர்ப்புறமாகச் சுழலும்.

வயரில் கைவைப்பது தொழில் தெரிந்தவரின் வேலை. சரியான கேள்வியைக் கேட்பது எமது வேலை.